அப்புச்சியின் ஜீப்பும் 20 தௌ இடைவெளியும்

பழசு பேசுது - வாராவாரம் ஒரு பழைய பொருள். அதை மறுபடி ஓட வைக்கும் கைகள்

"ஞாயித்துக்கிழமை ஒருத்தர் ஜீப்பைப் பார்க்க வர்றார். ஸ்டார்ட் ஆனா ஒரு விலை. ஆகலைன்னா எடைக்குத்தான். அப்புச்சிகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்மா போனில் இப்படிச் சொன்னபோது நான் சென்னையில், ஆபீஸில், யாரோ ஒரு நடிகரின் பிறந்தநாள் செய்திக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு தலைப்பு ஓடவில்லை.

பொள்ளாச்சி பக்கம் இருக்கிற எங்கள் ஊரில், மாட்டுக்கொட்டகைக்கு அடுத்த ஷெட்டில் நிற்கிறது அந்த ஜீப். அம்மாவைப் பெற்ற அப்பா, எங்கள் கொங்கு வழக்கில் அப்புச்சி, ராணுவத்தில் இ.எம்.இ பிரிவில் மெக்கானிக்காக இருந்தவர். டாங்கி முதல் ஜீப் வரை ராணுவத்தின் வண்டிகளைப் பழுது பார்க்கிற பிரிவு அது. ஓய்வு பெற்று வந்ததும், வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் துருப்பிடித்துக் கிடந்த இந்த ஜீப்பை வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டினார். என் சின்ன வயசு முழுக்க அதில்தான் மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம்.

இரண்டு வருஷமாக அது ஓடவில்லை. கேட்டால், "ஸ்பேர் கிடைக்கறதில்ல கண்ணு" என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

சரி, ஸ்பேர் நான் கொண்டு வருகிறேன் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். எனக்கு ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போடத் தெரியும். அதுதான் என் மெக்கானிக் அறிவு. இந்த வாரப் பத்தி, அந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டது.

எந்த ஜீப் இது?

முதலில் கொஞ்சம் வரலாறு. இரண்டாம் உலகப்போர் நேரத்தில், 1940-ல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று கேட்டது. பேன்டம், வில்லிஸ், ஃபோர்டு என மூன்று கம்பெனிகள் மாதிரி வண்டி செய்து கொடுத்தன. கடைசியில் தேர்வானது வில்லிஸ் வடிவமைப்பு. ஒரு கம்பெனியால் மட்டும் அவ்வளவு வண்டி செய்ய முடியாது என்பதால், அதே வடிவத்தில் ஃபோர்டும் செய்தது. வில்லிஸ் செய்தது 'எம்.பி', ஃபோர்டு செய்தது 'ஜி.பி.டபிள்யூ'. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்த்து 6 லட்சத்துக்கும் மேல்.

ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டாயம். ஆனாலும் ஃபோர்டு கம்பெனி தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, ஒரு 'எஃப்' எழுத்தைப் பொறித்துவிட்டது. அப்புச்சியின் ஜீப்பில் அந்த 'எஃப்' போல்ட்டுகளும் உண்டு, எழுத்தில்லாத போல்ட்டுகளும் உண்டு. எண்பது வருஷத்தில் எத்தனை பட்டறை பார்த்ததோ!

பர்மா போர்முனைக்காக வடகிழக்கு இந்தியாவுக்கு வந்த ஜீப்புகள் ஏராளம். போர் முடிந்ததும் மிச்சமானவை ஏலத்தில் போய், எஸ்டேட், பண்ணை, மரக்கடை என்று சிதறின. அதே வில்லிஸ் ஜீப்பை இங்கேயே பூட்டித் தருவதில் தொடங்கித்தான் மஹிந்திரா வண்டி உலகுக்குள் வந்தது. அதனால்தான் நம் ஊரில் ஜீப் என்பது ஒரு கம்பெனியின் பெயராக இல்லாமல், ஒரு வண்டி வகையின் பெயராகவே ஆகிவிட்டது.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ன செய்கிறது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். பக்கத்து ஊர்ப் பட்டறையில் இருந்து மெக்கானிக் அண்ணன் ஒருவரும் வந்தார். அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் ஒரு பிளக் வயரைக் கழற்றி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, இன்ஜின் உடம்புக்குப் பக்கத்தில் காட்டினார். என்னை ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொன்னார். வந்த பொறி மஞ்சளாக, இளைத்துப் போய் இருந்தது. "நீலமா, 'டிக் டிக்'னு சத்தத்தோட வரணும். பெட்ரோல்ல கோளாறு இல்ல. கோளாறு டெல்கோவுல" என்றார்.

பல பட்டறைகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இன்னும் டெல்கோ என்றுதான் பெயர். டெல்கோ ஒரு கம்பெனி. இந்த ஜீப்பில் இருப்பதோ ஆட்டோ-லைட் என்கிற வேறு கம்பெனி செய்தது. எந்தப் போட்டோகாப்பி மெஷினாக இருந்தாலும் நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அது மாதிரி.

இதன் வேலையை அப்புச்சி எனக்கு விளக்கியது இப்படி: "பேட்டரியில இருக்கறது வெறும் 6 வோல்ட். அதுல பொறி பறக்காது. காயில் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாத்தும். ஆனா சும்மா கரன்ட் ஓடிட்டே இருந்தா காயில் ஒண்ணும் பண்ணாது. ஓடற கரன்ட்டை பட்டுனு வெட்டணும். வெட்டற நொடியிலதான் பொறி பிறக்கும். வெட்டறது பாயின்ட். பிறந்த பொறியை எந்த சிலிண்டருக்குன்னு பார்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கறது ரோட்டார்."

ஒரே டப்பாவுக்குள் இந்த இரண்டு வேலையும் நடக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், 6,000 பொறி வேண்டும். அதாவது நொடிக்கு 100 தடவை அந்தக் குட்டி பாயின்ட் திறந்து மூட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றும். தண்டில் நாலு முனை உள்ள ஒரு கேம் இருக்கும். ஒவ்வொரு முனையும் வந்து தள்ளும்போது பாயின்ட் ஒரு தடவை திறக்கும்.

அந்தத் திறப்பின் அளவுதான் இந்தப் பத்தியின் தலைப்பு. 1944-ல் அமெரிக்கப் போர்த்துறை இந்த ஜீப்புக்காகப் போட்ட கையேட்டின் எண் டி.எம் 9-803. பாயின்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு என்கிறது அது. பட்டறை மொழியில் 20 தௌ. சுமார் அரை மில்லிமீட்டர். அப்புச்சிக்குக் கையேடு தேவைப்படவில்லை. "பாயின்ட் 20, பிளக் 30, வரிசை 1-3-4-2" என்று வாய்ப்பாடு மாதிரி சொன்னார்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்ததும் அப்புச்சி கட்டிலில் இருந்தே அதட்டினார். "கழட்டறவனுக்கு அவசரம் கூடாது சாமி. எங்க நின்னுச்சுன்னு தெரியாம கழட்டினா, எங்க வைக்கறதுன்னு தெரியாது."

முன்னால் இருக்கிற கைப்பிடியைச் செருகி இன்ஜினை மெல்லச் சுற்றினோம். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் விரலை வைத்து அடைத்தால், காற்று முட்டித் தள்ளுவது தெரியும். அப்போது பிஸ்டன் அழுத்தத்தில் மேலே வருகிறது என்று அர்த்தம். ப்ளைவீல் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் தள்ளினால் உள்ளே குறி தெரியும். குறி நேராக வந்ததும் நிறுத்தினோம். மூடியைத் திறந்து, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டோம். என் பங்குக்கு, செல்போனில் எட்டுப் போட்டோ எடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் இன்ஜினைச் சுற்றக்கூடாது.

வயரை விடுவித்து, கீழே பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றியதும் டிஸ்ட்ரிபியூட்டர் கையோடு வந்துவிட்டது. ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். கனம் மட்டும் ஜாஸ்தி.

உள்ளே கிடந்த ஒரு குட்டி ஸ்க்ரூ

அண்ணன் வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நானும் அப்புச்சியும் மட்டும். திண்ணையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

மூடியின் உள்பக்கம் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பொறி போக வேண்டிய வழியில் போகாமல் பக்கத்துக்குத் தாவியதன் அடையாளம். மூடி மாற்ற வேண்டியதுதான். பாயின்ட்டின் முகம் கருகி, ஒரு பக்கம் பள்ளமும் இன்னொரு பக்கம் மேடுமாக இருந்தது. அதையும் மாற்ற வேண்டும்.

பாயின்ட்டை இடம் மாறாமல் பிடித்து வைக்க ஒரு பூட்டு ஸ்க்ரூ இருக்க வேண்டும். அந்த ஓட்டை காலியாக இருந்தது.

"அப்புச்சி, இங்க ஒரு ஸ்க்ரூ இல்லையே?"

அவர் பதில் சொல்லவில்லை.

பாயின்ட் உட்காரும் தட்டைத் தூக்கினேன். கீழே இரண்டு எடைத் துண்டுகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளும். அந்த எடைகளுக்கு நடுவில், காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு, கடுகை விடக் கொஞ்சம் பெரிசாக ஒரு ஸ்க்ரூ.

"இது எப்படி இதுக்குள்ள போச்சு?"

கொஞ்ச நேரம் அவர் தென்னைமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலது கையை மடியில் இருந்து எடுத்து எனக்கு முன்னால் நீட்டினார். விரல்கள் ஆடின. காற்றில் ஆடுகிற இலை மாதிரி லேசாகத்தான். ஆனால் நிற்கவில்லை.

"ரெண்டு வருஷமாச்சு கண்ணு. கேப் வைக்கலாம்னு தொறந்தேன். கை நிக்கல. ஸ்க்ரூ உள்ள விழுந்திருச்சு. எடுக்கலாம்னு பார்த்தேன், முடியல. மூடி வச்சுட்டேன்."

அடுத்த நாள் மாமா ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ஜீப் நாலு தடவை இருமிவிட்டு நின்றதாம். பூட்டு இல்லாத பாயின்ட் நகர்ந்து, இடைவெளி சுருங்கி, கருகியிருக்கிறது. ஸ்பேர் இல்லை என்று அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவர், இரண்டு வருஷமும் அதையே சொன்னார்.

இருபது வருஷத்துக்கும் மேல் ராணுவ வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய கை. அது நடுங்குகிறது என்று சொல்வதை விட, ஜீப் பழசாகிவிட்டது என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. டீ டம்ளரை ஏன் இப்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடிக்கிறார், பேங்கில் கையெழுத்துக்கு ஏன் மாமாவைக் கூட்டிப் போகிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். ஒருவரும் கவனிக்கவில்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல், "சரி அப்புச்சி, நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்றேன்.

"மொதல்ல அந்த ஸ்க்ரூவைக் கழுவி ஒரு கிண்ணத்துல போடு. திரும்பவும் தொலைச்சராத" என்றார்.

கழுவு, பார், மாற்று

நீங்களும் வீட்டில் பழைய ஜீப்போ, அம்பாசடரோ, பத்மினியோ வைத்திருந்தால் இந்தப் பகுதி உதவும். பாயின்ட் வைத்த எல்லா வண்டிக்கும் அடிப்படை ஒன்றுதான். அளவுகள் மட்டும் மாறும்.

எடைத் துண்டுகள்: இன்ஜின் வேகம் கூடும்போது இவை விலகி, கேமைக் கொஞ்சம் முன்னால் திருப்பும். அதனால் பொறி சீக்கிரமே வரும். பெட்ரோல் எரிய ஒரு நேரம் எடுக்கும் இல்லையா? வேகமாகச் சுற்றும்போது அந்த நேரத்துக்குள் பிஸ்டன் நிறையத் தூரம் போய்விடும். அதனால் பொறியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். காய்ந்த கிரீஸ் இதைப் பிடித்துக்கொண்டால், வண்டி நின்ற இடத்தில் நன்றாக ஓடும், ரோட்டில் இழுக்காது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். ஸ்பிரிங்கை மட்டும் இழுத்துப் பார்க்கவே கூடாது. நீண்டுவிட்டால் கணக்கு எல்லாம் தப்பாகிவிடும்.

தண்டும் புஷ்ஷும்: தண்டின் தலையைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பார்க்கச் சொன்னார். ஆடியது. கேம் ஆடினால், ஒரு சிலிண்டருக்கு 20 தௌ, இன்னொன்றுக்கு 15 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல பாயின்ட் போட்டாலும் பயனில்லை. சனிக்கிழமை காலையில் மாமா கோவைக்குக் கொண்டுபோய், தெரிந்த லேத் பட்டறையில் வெண்கல புஷ் கடைந்து போட்டு வாங்கிவந்தார். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதற்கெல்லாம் பஞ்சமில்லை.

பாயின்ட், கண்டன்சர், ரோட்டார், மூடி: நான் சென்னையில் இருந்து கிளம்பும் முன் புதுப்பேட்டையில் வாங்கியிருந்தேன். கண்டன்சர் என்பது சுண்டுவிரல் அளவு உலோகக் குப்பி. பாயின்ட் திறக்கும்போது அங்கே தீப்பொறி தாவாமல் கரன்ட்டை வாங்கிக்கொள்ளும். அது செத்துப்போனால் பாயின்ட் சீக்கிரம் கருகும், பிளக்கில் பொறி இளைக்கும். புதுசு என்று நம்பிவிடாதீர்கள். வாங்கிய கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழைய பாயின்ட்டையே தேய்த்துப் போடுகிறவர்களுக்கு அப்புச்சியின் எச்சரிக்கை: உப்புத்தாள் வேண்டாம். அதன் மணல் துகள் உலோகத்தில் பதிந்து தொடுமுனையைக் கெடுக்கும். இதற்கென்றே மெல்லிய அரம் இருக்கிறது.

20 தௌ

சனிக்கிழமை சாயங்காலம் பாயின்ட் வைத்தோம். கேமின் முனை பாயின்ட்டை அதிகபட்சமாகத் தள்ளி நிற்கிற இடத்தில் தண்டை நிறுத்த வேண்டும். ஃபீலர் கேஜில் 20 என்று எழுதிய தகட்டை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, இடையில் செருக வேண்டும். தகடு இறுக்கமாகச் சிக்கவும் கூடாது, தொளதொளவென்றும் போகக்கூடாது.

"வெண்ணெயில கத்தி போற மாதிரி இருக்கணும்" என்றார். எனக்குப் பிடிபடவில்லை. நான் பூட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் இடைவெளி மாறிவிடுகிறது. தளர்த்து, வை, இறுக்கு. மறுபடி தளர்த்து. ஏழாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அவர் கட்டிலில் இருந்து எழுந்து வந்தார். ஸ்க்ரூ டிரைவரை வாங்கவில்லை. தகட்டின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்தார். விரல் ஆடத்தான் செய்தது. ஆனால் அவருக்குத் தேவையானது அசையாத கை இல்லை, உரசலின் அளவு. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும், இறுக்கு" என்றார். இறுக்கினேன். தகட்டை இழுத்துப் பார்த்தார். "இருவது."

அம்மா காபியோடு வந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கண் அப்பாவின் விரலில் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரைக் கையில் கொடுக்காமல், திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள்.

கேமில் துளி கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் இருக்கிற திரியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். "நெறைய விட்டா பாயின்ட்ல தெறிச்சுப் பொகையும். மருந்து மாதிரிதான் விடணும்."

ஸ்டார்ட் ஆகவில்லை

ஞாயிற்றுக்கிழமை. ஜீப்பைப் பார்க்க வருகிறவர் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஏழு மணிக்கே ஷெட்டில் இருந்தோம்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திரும்ப உட்கார வைப்பது எதிர்பார்த்ததை விடச் சுலபம். தண்டின் அடியில் இருக்கும் நாக்கு, ஆயில் பம்ப் தண்டில் இருக்கும் பள்ளத்தில் உட்கார வேண்டும். அந்தப் பள்ளம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறது. அதனால் ஒரே ஒரு வாக்கில்தான் உட்காரும். இருட்டில், மழையில், அவசரத்தில் ஒரு சிப்பாய் மாட்டினாலும் தப்பாக மாட்ட முடியாது. சாக்பீஸ் கோட்டுக்கு நேராக ரோட்டார் வந்து நின்றது. வயர்களை 1-3-4-2 வரிசையில், ரோட்டார் சுற்றுகிற இடச்சுற்றாகவே மாட்டினேன்.

ஸ்டார்ட்டரை மிதித்தேன். இன்ஜின் சுற்றியது. ஒரு இருமல்கூட இல்லை. பிளக் வயரைக் காட்டிப் பார்த்தால் பொறியே இல்லை. வெள்ளிக்கிழமை இருந்த மஞ்சள் பொறிகூடக் காணோம்.

மணி எட்டரை. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாமா, "எலக்ட்ரானிக் கிட் போட்டிருக்கலாம், பாயின்ட்டே வேண்டாம்" என்று ஆரம்பித்தார். அவர் சொல்வதும் தப்பில்லை. பாயின்ட்டுக்குப் பதிலாகப் பொருத்துகிற சின்ன மின்னணுப் பெட்டிகள் கிடைக்கின்றன. தேய்மானம் இல்லை, அடிக்கடி சரிசெய்ய வேண்டாம். ஆனால் அது செத்தால் மாற்றத்தான் வேண்டும். பாயின்ட் என்றால் நடுரோட்டில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

அப்புச்சி எதையும் காதில் வாங்கவில்லை. "போஸ்ட் கார்டு இருக்கா?" என்றார்.

கல்யாணப் பத்திரிகை ஒன்றில் துண்டு கிழித்துக் கொடுத்தேன். "பாயின்ட்டுக்கு நடுவுல வை. காயில் வயரையும் கண்டன்சர் வயரையும் கழட்டு. இப்ப வெளிய இருக்கற டெர்மினலுக்கும் பாடிக்கும் கரன்ட் போகுதான்னு மீட்டர் வச்சுப் பாரு."

போகவே கூடாது. வழியெல்லாம் அடைத்துவிட்டோமே! ஆனால் மீட்டர் 'பீப்' என்றது.

"டெர்மினலைக் கழட்டு. அதுக்கு அடியில ஒரு வாஷர் இருக்கும், பாரு."

வயர் வெளியில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நுழைகிற இடத்தில், அந்தப் போல்ட் உடம்பில் படாமல் இருக்க ஒரு காப்பு வாஷர் உண்டு. அது மக்கிப்போய், நான் நட்டை இறுக்கியபோது பொடிந்துவிட்டது. போல்ட் நேராக உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பாயின்ட் திறந்தாலும் மூடினாலும் கரன்ட் அந்தப் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. வெட்டு விழவில்லை. வெட்டு விழாமல் பொறி ஏது?

உடைந்த பழைய சுவிட்ச் பெட்டியின் பேக்கலைட் துண்டில் ஒரு வட்டம் அறுத்து, ஓட்டை போட்டு மாட்டினோம். மீட்டர் வாயை மூடிக்கொண்டது.

கடைசியாக டைமிங். 6 வோல்ட் பல்பு ஒன்றை டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையில் மாட்ட வேண்டும். சாவியைப் போட்டால், பாயின்ட் மூடியிருக்கும்போது பல்பு எரியாது. திறக்கிற நொடியில் எரியும். ப்ளைவீல் குறி நேராக நிற்கும்போது சரியாகப் பல்பு எரியும்படி டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை மெல்லத் திருப்பி இறுக்கினோம். ஒரு எச்சரிக்கை: வேலை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடியே விட்டால் காயில் சுட்டுப்போகும்.

பத்து மணி இருக்கும். "நீங்க மிதிங்க அப்புச்சி" என்றேன். ஏறி உட்கார்ந்தார். கைகள் இரண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டன. மிதித்தார்.

இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஷெட்டில் இருந்த புறா எல்லாம் பறந்துவிட்டது.

அப்புறம்?

ஜீப்பைப் பார்க்க வந்தவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஓடுகிற சத்தத்தை வாசலிலேயே கேட்டுவிட்டு, நல்ல விலையும் சொன்னார். அம்மாதான் பதில் சொன்னாள். "ஒரு மாசம் பொறுங்க. நாளைக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

எங்களில் யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அப்புச்சி ஜீப்பில் இருந்து இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

நரம்பியல் டாக்டர் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுக்கம் முழுசாக நிற்கவில்லை. டம்ளரை ஒரு கையால் பிடிக்கிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. கை நடுக்கம் என்றதும் 'வயசாகிவிட்டது' என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தைராய்டு, சாப்பிடுகிற வேறு மாத்திரை, நரம்புக் கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரண்டு வருஷத்தை நாங்கள் வீணாக்கிவிட்டோம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது, தனக்கு ரொம்பப் பிடித்த வேலையை, அது தையலோ, கோலமோ, கணக்கு எழுதுவதோ, திடீரென்று விட்டுவிட்டால், அவர் சொல்கிற காரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வேலையை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பதிவாகி 50 வருஷம் தாண்டிய இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-ல் தனி 'வின்டேஜ்' பதிவைக் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ' என்ற எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான்.

போன வாரம் அப்புச்சி போன் செய்தார். மெக்கானிக் அண்ணன் பட்டறையில் வேலை பழகுகிற பையன்கள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம், கேப் வைக்கக் கற்றுக்கொள்ள. "எனக்கு இன்னொரு ஃபீலர் கேஜ் வாங்கிட்டு வா கண்ணு. இருக்கறதை நீ கொண்டு போயிட்ட" என்றார்.

ஆமாம், அது என் ஆபீஸ் பையிலேயே வந்துவிட்டது.

அடுத்த வாரம்: திரி வைத்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வும், அதை ஊதி அணைத்த ஒரு பெரியம்மாவும்.